காத்தவராயன் பேட்டரி பார்த்து வாங்கிய பாம்டாப்

காத்தவராயனின் பொறாமையைப் பற்றி எங்கள் லைன் வீடுகளில் தெரியாதவர்கள் இல்லை. கோலார் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸில் அவன் வீட்டை ஒட்டிய வீடு என்னுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. சுவர் கூரையைத் தொடாமல் நின்றுவிடுவதால் அவன் வீட்டுப் பேச்சு முழுக்க என் தட்டில் வந்து விழும். நான் ஒட்டுக் கேட்கிறவன் இல்லை. ஆனால் காதைப் பொத்திக்கொண்டு யாராலும் சோறு தின்ன முடியாது.

மைன்ஸில் அவனுக்கு லேம்ப் ரூம் வேலை. ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்குத் தலையில் மாட்டும் விளக்கை எண் பார்த்துக் கொடுப்பான். மேலே ஏறி வந்தவர்களிடமிருந்து திருப்பி வாங்கி, துடைத்து, சார்ஜ் ஏற்றி வைப்பான். ஷிப்டு முடிந்தும் ஒரு விளக்கு வரவில்லை என்றால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இருபது வருடம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து, யார் இன்னும் திரும்பவில்லை என்று பார்த்தே பழகியவன். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான் என்று நான் சொல்வேன். அவன் மனைவி கேட்டால், கல்யாணமான அன்றைக்கே அவன் அப்படித்தான் இருந்தான் என்பாள்.

மனைவி பாக்யலட்சுமி. கெட்டிக்காரி. பெங்களூரில் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. விடிவதற்கு முன்னால் ட்ரெயின் பிடித்தால் இருட்டிய பிறகுதான் திரும்பி வருவாள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. அந்த ட்ரெயினில் ஒரு வழக்கம் உண்டு. முந்தின ஸ்டேஷனில் ஏறுகிறவர்கள் அடுத்த ஸ்டேஷன்காரர்களுக்கு இடம் போட்டு வைப்பார்கள். ஒரு கைக்குட்டை, ஒரு டிபன் பை, எதையாவது சீட்டில் வைத்தால் அது இன்னாருடைய இடம் என்று எல்லோருக்கும் தெரியும். பாக்யலட்சுமி தன் டிபன் பையை வைத்து அடுத்த ஸ்டேஷனான ஊரிகத்தில் ஏறுகிற நாலைந்து பேருக்கு இடம் பிடிப்பாள். அதில் ஒருவன்தான் ஸ்ரீநிவாஸ்.

ஸ்ரீநிவாஸுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருக்கிறான். பாக்யலட்சுமியை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அதுவும் காத்தவராயனுக்குப் பிடிக்கவில்லை.

“அக்கான்னு கூப்புட்டா எல்லாம் சரியாப் பூடுமா?” என்று என்னிடம் கேட்டான்.

“வேற எப்படிடா கூப்புடணும்?”

“கூப்புடவே கூடாது. அவ இன்னாத்துக்கு அவனுக்கு சீட்டு போடறா? அவனுக்கு கால் இல்லியா? நின்னுகினு போனா செத்தா பூடுவான்?”

பொறாமைப்படுகிற ஆளிடம் நியாயம் பேசுவது வீண் வேலை. நான் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அவன் ஒரு நாளும் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. வெந்துகொண்டே இருப்பான், அவ்வளவுதான். சமைக்கும்போது பாத்திரத்தை உருட்டுவான். ஆமாம், அவள் வருவதற்குள் சோறு வடித்து வைப்பவனும் அவன்தான்.

இரண்டாயிரமாவது வருடம் மைன்ஸை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு தினமும் ஒரு மாதிரியாக அடிபட்டது. லேம்ப் ரூமில் முக்கால்வாசி விளக்குகள் ஆணியிலேயே தொங்கின. அந்த நேரத்தில்தான் பாக்யலட்சுமியின் கம்பெனி மாலூரிலும் பங்காரப்பேட்டையிலும் கோலாரிலும் தையல் யூனிட் திறந்தது. மூன்றையும் சுற்றி வந்து, எந்தத் தையல் லைனில் மணிக்கு எத்தனை பீஸ் ஆனது, எத்தனை திரும்பி வந்தது என்று குறித்து, மாதம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டாகக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். மேனேஜர் பாக்யலட்சுமியைக் கேட்டார். ஒரு மாதம் செய்து காட்ட வேண்டும். சரியாக வந்தால் அந்த வேலை அவளுக்கே, சம்பளமும் கூடும். சரியாக வராவிட்டால் பழையபடி பெங்களூர் ஆபீஸ்.

காத்தவராயனுக்கு அன்று தலைகால் புரியவில்லை. சம்பளம் கூடுவதற்காக மட்டும் இல்லை. யூனிட்டுக்கெல்லாம் பஸ்ஸில் போய்விடலாம். அதாவது ட்ரெயின் இல்லை. ட்ரெயின் இல்லை என்றால் சீட்டு இல்லை, சீட்டு இல்லை என்றால் ஸ்ரீநிவாஸ் இல்லை. எனக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தான்.

அந்த இனிப்பு என் வாயில் கரைவதற்குள் அடுத்த செய்தி வந்தது. பஸ்ஸில் போகும்போதும் யூனிட்டில் நிற்கும்போதும் கணக்கு ஏற்ற, கையில் அடங்குகிற கம்ப்யூட்டர் ஒன்று தேவை. பாம்டாப் என்றார்கள். கம்பெனியே காசு கொடுக்கும், உனக்கு எது ஒத்துவருமோ அதைப் பார்த்து வாங்கிக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பாக்யலட்சுமிக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்த ஒரே ஆளைக் கேட்டாள். ஸ்ரீநிவாஸ் தன்னுடைய பாம்டாப்பையே இரண்டு நாள் வைத்துப் பாருங்கள் என்று கொடுத்தனுப்பிவிட்டான்.

திரையில் எழுதுகிற ஒரு குச்சியோடு அது வீட்டுக்குள் வந்த அன்று சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் எல்லாம் உருண்டது.

“அவன் பாக்கெட்ல வெச்சுகினு திரிஞ்சத நம்ம வூட்டுக்கு இன்னாத்துக்கு எடுத்தாந்த?”

“எப்படி இருக்குதுன்னு பாக்கத்தாங்க. நாளான்னிக்கு குடுத்துடுவேன்.”

“குச்சி வேற. இந்தக் குச்சியத்தான் அவன் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் புடிச்சுகினு இருக்கானா?”

“குச்சி மேலயும் பொறாமையாங்க?” என்று பாக்யலட்சுமி சிரித்துவிட்டாள். அவள் சிரித்திருக்கக் கூடாது. அன்றே காத்தவராயன் முடிவு செய்துவிட்டான், எதை வாங்கினாலும் ஸ்ரீநிவாஸ் வைத்திருப்பதை மட்டும் வாங்கக் கூடாது என்று.

கடைக்குப் போகிற அன்று லீவு போட்டுக்கொண்டு அவனும் கிளம்பினான். துணைக்கு என்னை இழுத்தான். பெங்களூரில் கடை வாசலில் ஸ்ரீநிவாஸ் முன்னாடியே வந்து நின்றுகொண்டிருந்தான். பாக்யலட்சுமிதான் வரச் சொல்லியிருந்தாள். காத்தவராயன் என் முழங்கையைக் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது.

கடையில் இருந்த பெண் கண்ணாடி மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தாள். முதலாவது ஸ்ரீநிவாஸ் வைத்திருக்கும் ரகம். ஒல்லியாக, சட்டைப் பையில் போடுகிற மாதிரி, குச்சியால் எழுதுவது. இரண்டாவது கலர். பார்த்தால் கண்ணைப் பறித்தது, ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும். மூன்றாவது மூக்குக் கண்ணாடிக் கூடு மாதிரி திறந்தது. உள்ளே சின்னச் சின்னதாக விசைகள், அகலமான கருப்பு வெள்ளைத் திரை.

பாக்யலட்சுமி மூன்றிலும் கட்டம் போட்ட கணக்கைத் திறந்து பார்த்தாள். குச்சி ரகத்தில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கட்டம்தான் தெரிந்தது. பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காத்தவராயன் மூக்கை நுழைத்தான்.

“பேட்டரி இன்னா?”

கடைப் பெண் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்றாவதற்குப் பென்சில் செல் இரண்டு போதும் என்றாள். காத்தவராயன் அதைக் கவிழ்த்து, முதுகைத் திறந்து, செல்லை வெளியே எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்தான். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இதான். பொட்டிக் கடைல கூட செல்லு கிடைக்கும். நம்ம ஊர்ல கரண்டு போற போக்குக்கு சார்ஜ் போட்டுகினு உக்காந்தா வேலைக்கு ஆவாது. பஸ் குலுங்கற குலுங்கல்ல குச்சியால இன்னாத்த எழுதுவா? பேட்டரியப் பத்தி எனக்குத் தெரியாததா?”

சும்மா சொல்லக் கூடாது, சரியாகத்தான் சொன்னான். ஸ்ரீநிவாஸும் உடனே தலையாட்டினான். “அண்ணா கரெக்டா புடிச்சாரு, அக்கா. உங்க வேலைக்கு இதான் சரி. நானும் இதத்தான் சொல்லணும்னு இருந்தேன்.”

காத்தவராயன் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. இவனும் இதையே சொல்லிவிட்டானே! என்னைத் தனியாக இழுத்து, “அந்தக் கலர் ரகத்தப் பாக்கலாமா?” என்றான். நான் திட்டிய திட்டில் மூன்றாவதையே வாங்கினோம்.

டப்பாவில் ஒரு வயரும் இருந்தது. ஸ்ரீநிவாஸ் அதை எடுத்துக் காட்டினான். “இது கம்ப்யூட்டர்ல மாட்டறது, அக்கா. ஆபீஸ் பக்கம் நீங்க ஒரு மாசம் போக மாட்டீங்க இல்ல? சனிக்கிழமை எங்க வூட்டுக்கு எடுத்துகினு வாங்க. என் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி போட்டு வெச்சிடறேன். இதுல மட்டும் வெச்சுகினு இருக்காதீங்க, ஏதாச்சும் ஆனா போச்சு.”

 வீட்டுக்கு வந்ததும் காத்தவராயன் அந்த வயரை வளையம் வளையமாகச் சுற்றி, தகரப் பெட்டியில் அவள் சேலைகளுக்கு அடியில் வைத்து மூடினான். “காப்பியும் வேணாம், டீயும் வேணாம்” என்று அவன் சொன்னது என் வீட்டில் கேட்டது. பாக்யலட்சுமி பதில் சொன்னது கேட்கவில்லை.

அந்த ஒரு மாதம் அவள் உழைத்த உழைப்பை நான் பார்த்தேன். யூனிட்டில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு கரும்பலகை உண்டு. மணிக்கு மணி கணக்கை அதில் எழுதுவார்கள், மறுநாள் காலையில் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். பலகை அழிவதற்குள் அவள் அங்கே இருக்க வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டே, கம்பியில் தோளைச் சாய்த்து, இரண்டு கட்டை விரலாலும் தட்டுவாளாம். பங்காரப்பேட்டை ஸ்டாண்டில் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். காத்தவராயன் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டான், “பேட்டரி பாத்து வாங்கினது யாரு?” என்றான். உடனேயே, “ஸ்டாண்டுல அவள யாரு பாத்தது? எவன் பாத்துகினு இருந்தான்?” என்றும் கேட்டான்.

சனிக்கிழமைகளில் கோலார் பஸ் தாமதமாக வரும். அவள் வந்து சேர்கிற வரைக்கும் இவன் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடப்பான். ஸ்ரீநிவாஸ் இருக்கிற ஊரிகம் வழியாகத்தானே வந்திருப்பாள்? அங்கே இறங்கியிருந்தால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து கிசுகிசுத்தான்.

“வயர நான் சுத்தி வெச்சா மாதிரி இல்லடா. வேற மாதிரி இருக்குது. அவ எடுத்திருக்கா.”

“சேலை எடுக்கறப்ப நகர்ந்திருக்கும்டா.”

“சேலைக்குக் காலா இருக்குது நகர?”

என்ன சொல்வது இவனிடம்? அவளிடம் நேராகக் கேட்கவும் மாட்டான். கேட்டால் இல்லை என்பாள், இல்லை என்றால் இவன் நம்பமாட்டான். பிறகு எதற்குக் கேட்பது? வயிற்றில் வைத்துக்கொண்டே எரிந்தான்.

மாதம் முடிந்தது. திங்கட்கிழமை பெங்களூரில் ஸ்ப்ரெட்ஷீட்டைக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பாக்யலட்சுமி முகமெல்லாம் சிரிப்பாக ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனாள். காத்தவராயனும் அன்று நல்ல மனதோடு இருந்தான். ட்ரெயின் தொல்லை ஒழிந்தது, ஸ்ரீநிவாஸ் தொல்லை ஒழிந்தது, மைன்ஸ் மூடினாலும் அடுப்பு எரியும். மனைவிக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல அவனுக்கு இருந்திருக்கிறது. அவனுக்குத் தெரிந்ததைச் செய்தான்.

நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் முறத்தில் வேட்டித் துணியை விரித்து, பாம்டாப்பைக் கவிழ்த்து, இரண்டு செல்லையும் எடுத்தான். சட்டைப் பொத்தான் அளவில் இன்னொரு செல் ஒரு மூலையில் ஒளிந்திருந்தது. அதையும் ஊசியால் நெம்பி எடுத்தான். லேம்ப் ரூமில் செய்வதுபோலவே செல் உட்காரும் தகடுகளை எல்லாம் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கினான். செல்களைத் தட்டில் வைத்து வெயிலில் காய வைத்தான். டார்ச் செல்லை நாமெல்லாம் காய வைக்கவில்லையா? எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

“ஷிப்ட் முடிஞ்சா லேம்ப சும்மா வெக்கக் கூடாதுடா. சுத்தம் பண்ணிதான் அடுத்த ஷிப்டுக்குக் குடுக்கணும்” என்றான். பாட்டுக்கூட முணுமுணுத்தான்.

வெயில் நன்றாக ஏறியதும் செல்களைத் திருப்பிப் போட்டு, மூடி, துணியால் ஒரு துடைப்பு துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். பாக்யலட்சுமி மார்க்கெட்டிலிருந்து வந்து, கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று திறந்தாள். அது அவளை அடையாளமே தெரியாத மாதிரி, தேதி என்ன, எந்த நாடு என்று கேட்டது. கணக்கு எதுவும் இல்லை. மாலூர் இல்லை, பங்காரப்பேட்டை இல்லை, கோலார் இல்லை.

“இன்னா பண்ணீங்க?”

அவன் செய்ததைச் சொன்னான், பெருமையோடுதான் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். செல் இருக்கிற வரைக்கும்தான் அதற்கு ஞாபகம், எல்லாச் செல்லையும் எடுத்தால் எல்லாம் போய்விடும் என்று அவள் சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வேணும்னே பண்ணீங்களா?”

“அய்யோ, இல்ல பாக்யா! அம்மா சத்தியமா இல்ல. உனக்கு நல்லது பண்ணலாம்னுதான்...”

நான் அவனை நம்புகிறேன், கண்ணால் பார்த்தவன் நான். லைனில் வேறு யாரும் நம்பவில்லை. பொறாமையில் பொண்டாட்டி பிழைப்பைக் கெடுத்தான் என்றுதான் பேசினார்கள். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. பலகையிலிருந்து மறுபடி எழுதலாமா என்றேன், வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாமல். “அதெல்லாம் எப்பவோ அழிச்சிருப்பாங்கண்ணா” என்றாள்.

 திடீரென்று காத்தவராயன் முகத்தில் ஒரு வெளிச்சம். “காப்பி இருக்குதில்ல? அந்தப் பையன் கிட்ட காப்பி இருக்குமே!”

“இல்லங்க.”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பாக்யா. போட்டு வெச்சிருந்தா சொல்லு.”

“நான் போகவே இல்லங்க.”

அவன் நம்பவில்லை. அதுதான் காத்தவராயன்! சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊரிகத்துக்கு மிதித்தான். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான்.

“எனக்கு பயந்துகினு பொய் சொல்றா. போயிருப்பா. வயரு வேற மாதிரி இருந்துச்சுன்னு நான் சொல்லல? சனிக்கிழமை சனிக்கிழமை லேட்டா வரலியா? போயிருப்பாடா. கண்டிப்பாப் போயிருப்பா.” மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. “ஒரு தடவையாவது போயிருந்தா போதும், சாமி.”

எந்தப் புருஷனும் இப்படி வேண்டிக்கொண்டதை நான் கேட்டதில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஸ்ரீநிவாஸ் வீட்டு வாசலில் அவன் அம்மா பார்வதம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீநிவாஸ் பனியனோடு ஓடி வந்து, “வாங்கணா, உள்ள வாங்க” என்றான். காத்தவராயன் உள்ளே போகவில்லை. நடந்ததைச் சொன்னான். அந்தப் பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“சின்ன செல்லையுமா எடுத்தீங்க?”

“அத்த வுடு. காப்பி குடு.”

“எங்கிட்ட ஏதுணா காப்பி?”

“ஸ்ரீநிவாஸு, பொய் சொல்லாதப்பா. நான் சண்ட போட வரல. அவ வந்தா, காப்பி போட்டா, அவ்ளோதான? எனக்கு ஒண்ணும் இல்ல. வந்தாள்ல?”

“வரலணா. எத்தினியோ தடவ சொன்னேன். வூட்ல அவரு மனசு சங்கடப்படும், வேணாம்னு சொல்லிட்டாங்க. வயரு குடுத்தனுப்புங்க, நானே வந்து எடுத்துகினு போறேன்னேன். அதுவும் வேணாம்னாங்க.”

“ஒரு தடவ கூடவா வரல?”

“ஒரு தடவ கூட வரலணா.”

காத்தவராயன் பார்வதம்மாவைப் பார்த்தான். கடைசி நம்பிக்கை அவள்தான் போல. அவள் முறத்தை வைத்துவிட்டு, “உன் பொண்டாட்டி மூஞ்சி கறுப்பா செவப்பான்னு கூட எனக்குத் தெரியாதேப்பா” என்றாள்.

எத்தனை நாளாக இவன் காதில் விழவேண்டும் என்று தவித்த வார்த்தை அது! அன்றைக்கு என்று பார்த்து வந்து விழுந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினான். நானும் கூடவே நடந்தேன்.

வீட்டில் பாக்யலட்சுமி சமையலை முடித்துவிட்டு, மறுநாளைக்கு டிபன் பையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜரிடம் என்ன சொல்வது என்று யோசித்து முடித்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவன் வாசற்படியிலேயே நின்றான். நான் என் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். கால் வரவில்லை.

“போய்க் கேட்டுட்டு வந்தீங்களா?” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

“வரலன்னு சொன்னானா?”

மறுபடியும் ஆட்டினான்.

“இப்ப நிம்மதியா இருக்குதா?” என்று கேட்டாள். கிண்டலே இல்லாமல், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பிறகு, “கை கால் கழுவிகினு வாங்க, சாப்புடலாம். காலைல சீக்கிரம் எழுப்பி வுடுங்க. நாளையில இருந்து திரும்ப ட்ரெயின்தான்” என்றாள்.